வீட்டு சாண எரிவாயுக் கலன்: வாங்கும் முன் ஒரு வாரம் சாணியை எடை போட்டுப் பாருங்கள்

சாணியைக் காற்றுப் படாமல் மூடிவைத்து, அதில் ஊறும் மீத்தேன் வாயுவை அடுப்புக்கு எடுக்கும் தொட்டிதான் இந்தக் கலன். அதை விற்க வருகிறவர் திண்ணையில் உட்கார்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "வீட்டில் எத்தனை பேர்?" ஆறு பேர் என்றால் இரண்டு கன மீட்டர் என்று எழுதிக்கொள்வார். கணக்கில் தப்பில்லை. ஓர் ஆளின் ஒரு நாள் சமையலுக்குக் கால் கன மீட்டருக்குச் சற்று மேலே வாயு பிடிக்கும். ஆனால் வாயு தரப்போவது மாடுகள். அவற்றைப் பற்றி அவர் கேட்கும்போது, "ரெண்டு மாடு இருக்கா? போதும்ணே" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

போதாது. ஒரு கன மீட்டர் வாயுவுக்குத் தினமும் 25 கிலோ ஈரச் சாணி வேண்டும். நாள் முழுக்கக் கட்டுத்தறியில் நிற்கும் நாட்டு மாடு 10 கிலோ வாக்கில் போடும். எருமையும் நன்றாகத் தின்னும் கலப்பினப் பசுவும் 15 கிலோ வரை தரும். காலையில் அவிழ்த்துவிட்டுச் சாயங்காலம் கட்டுகிற மாடு என்றால் பாதி மேய்ச்சல் நிலத்தில் போய்விடும், தொழுவத்தில் கிடைப்பது இரவுச் சாணி மட்டும். ஆகவே இரண்டு கன மீட்டர் கலனுக்கு 50 கிலோ, அதாவது கட்டிப் போட்டு வளர்க்கும் நாலைந்து மாடு தேவை. வாங்கும் முன் ஒரு வாரம் தராசில் நிறுத்து, ஏழு நாள் சராசரியை 25ஆல் வகுத்தால் வருவதுதான் உங்கள் கலனின் அளவு. குடும்பத்துக்கு அது போதவில்லை என்றால் சிலிண்டரையும் வைத்துக்கொள்ள வேண்டியதுதான், கலனைப் பெரிதாக்கிப் பயனில்லை.

பெரிய கலனைக் கட்டிக் குறைவாகச் சாணி போட்டால் வாயு குறைவதோடு நிற்காது. அழுத்தம் எழும்பாமல் அடுப்பு சுணங்கும். உடனே "கொஞ்சம் தண்ணீர் கூட ஊற்றுவோம்" என்று கை போகும். சாணியும் தண்ணீரும் கலந்த கரைசல் நீர்த்துப்போனால் கனமானது அடியில் படியும், வைக்கோல் துணுக்கு மேலே மிதந்து ஆடையாகக் கட்டும், நடுவில் வெறும் தண்ணீர் நிற்கும். கைவிடப்பட்டுக் கிடக்கும் பல கலன்களின் கதை இப்படித்தான் தொடங்கியிருக்கும்.

சரியான அளவில் அமைந்தால் லாபம் கண்கூடு. ஒரு கன மீட்டர் சாண வாயு ஏறக்குறைய 0.43 கிலோ எல்.பி.ஜி.க்குச் சமம். தினமும் இரண்டு கன மீட்டர் என்றால் மாதத்துக்கு 26 கிலோ, 14.2 கிலோ சிலிண்டரில் ஒன்றே முக்கால் ஆகும். சாணியின் உரச்சத்தும் வீணாகாது. வறட்டி தட்டி எரித்தால் புகையோடு போய்விடும் தழைச்சத்து இங்கே கரைசலில் தங்கிவிடுகிறது.

இனி வகைகள். சந்தையில் பெயர்கள் பல, அடிப்படை மூன்றுதான்: மிதக்கும் டிரம், நிலைத்த கும்மட்டம், பை.

மிதக்கும் டிரம் பழைய ஆள். ஜஷ்பாய் படேல் என்பவர் 1950களில் உருவாக்கியதைக் காதி கிராமத் தொழில் ஆணையம் எடுத்துப் பரப்பியது. செங்கல் கட்டிய கிணறு, அதன்மேல் கவிழ்த்த டிரம். வாயு சேரச் சேர டிரம் எழும், எரிக்க எரிக்க இறங்கும். எவ்வளவு வாயு இருக்கிறது என்று சமையலறை ஜன்னலிலிருந்தே தெரியும். அழுத்தம் டிரம்மின் எடையால் வருவதால் 8 முதல் 10 செ.மீ. நீர்மட்டம் (குழாயில் தண்ணீரை அத்தனை செ.மீ. உயர்த்தும் அழுத்தம்) என்ற அளவில் கடைசிவரை ஒரே சீராக இருக்கும். தீ ஏறி இறங்காது. டிரம்மைக் கையால் இடமும் வலமுமாகத் திருப்பினால் உள்ளே பற்றவைத்த கம்பிகள் மேலாடையை உடைத்துவிடும். பழகுவதற்கு இதைவிட எளிதானது இல்லை.

குறை இரும்பில் இருக்கிறது. கரைசலும் காற்றும் மாறி மாறிப் படும் விளிம்பில் துரு பிடிக்கும். வாயுவில் உள்ள ஹைட்ரஜன் சல்பைடு உட்புறத்தை அரிக்கும். ஆண்டுக்கு ஒருமுறை டிரம்மைத் தூக்கி, சுரண்டி, இரண்டு பூச்சு வண்ணம் அடிக்காவிட்டால் ஓட்டை விழும். இரண்டு மூன்று ஆண்டு யாரும் அடிப்பதில்லை, பிறகு ஓட்டையில் எம்-சீல் வைத்து ஒட்டுவதில் போய் முடியும். கண்ணாடி நார் சேர்த்த பிளாஸ்டிக்கான எஃப்.ஆர்.பி. டிரம் துருப்பிடிக்காது. ஆனால் எடை குறைவு என்பதால் மேலே பாரம் வைக்க வேண்டும், வெயிலில் மேற்பூச்சு உதிர்ந்து கண்ணாடி நார் வெளியே தெரிந்தால் அடுத்த பூச்சுக்கு நேரம் வந்துவிட்டது. டிரம்முக்கும் சுவருக்கும் நடுவே உள்ள வளைய இடைவெளியில் கரைசல் திறந்தே கிடக்கிறது. அங்கே குமிழ் விடுவது அத்தனையும் வானத்துக்குத்தான். இடைவெளி அகலமாக விட்டுக் கட்டிய கிணற்றில் இந்த இழப்பு அதிகம். குறுகலாக இருந்தால் டிரம் உரசிச் சாய்ந்து நின்றுவிடும். மைய வழிகாட்டிக் குழாய் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்கிறதா என்பதைக் கட்டும்போதே பார்க்க வேண்டும், பிறகு திருத்த முடியாது.

நிலைத்த கும்மட்டத்தில் இன்று பரவலாக இருப்பது தீனபந்து. அஃப்ப்ரோ என்ற தொண்டு நிறுவனம் 1984இல் கொண்டுவந்தது. இரண்டு கோளத் துண்டுகளை அடியோடு அடி சேர்த்த வடிவம். முழுக்க மண்ணுக்குள் இருப்பதால் இரவுக் குளிர் அதிகம் தாக்காது, இரும்பு இல்லாததால் துருவும் இல்லை. இரண்டு கன மீட்டருக்கு ஏறத்தாழ ஆயிரம் செங்கல், பதினைந்து பதினாறு மூட்டை சிமென்ட் பிடிக்கும். ஒழுங்காகக் கட்டினால் இருபது ஆண்டு ஓடும். ஒழுங்காகக் கட்டாவிட்டால் முதல் நாளிலிருந்தே கசியும், கடைசிவரை கசியும்.

இது வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொண்டால் குறையும் புரியும். வாயு சேரும்போது அது கரைசலைக் கீழே தள்ளி, பக்கத்தில் உள்ள வெளியேற்றும் தொட்டியில் ஏற்றுகிறது. அப்படி ஏறிய கரைசலின் எடைதான் அழுத்தம். காலையில் 80, 90 செ.மீ. நீர்மட்டம் வரை இருக்கும், சமையல் முடியும்போது கிட்டத்தட்டக் காலியாகும். அடுப்புத் திருகைச் சமையலின் நடுவே இரண்டு மூன்று தடவை திறந்துவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இது தொந்தரவு மட்டும்தான். பெரிய குறை வேறு: கும்மட்டத்தில் சேமிக்க முடிவது ஒரு நாள் உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்குதான். காலையும் மாலையும் அடுப்பு எரிந்தால் சரி. வீட்டார் இரண்டு நாள் கல்யாணத்துக்குப் போய்விட்டால் மாடு சாணி போடுவது நிற்காது, கலனில் வாயு ஊறுவதும் நிற்காது. இடம் தீர்ந்ததும் வாயு கரைசலைத் தள்ளிக்கொண்டு வெளியேற்றும் வாய் வழியாகக் குமிழியிட்டுக் கிளம்பிவிடும். இதற்குச் சத்தமும் இல்லை, நாற்றமும் அவ்வளவு இல்லை. ஆண்டுக்கணக்கில் நடந்தாலும் வீட்டார் கவனிக்க மாட்டார்கள்.

கொத்தனார் விஷயத்தில் சிக்கனம் கூடாது. வீடு கட்டும் கைக்கும் கும்மட்டம் கட்டும் கைக்கும் வித்தியாசம் உண்டு. "இதுவரை எத்தனை கட்டினீர்கள்?" என்று கேட்டு, அவற்றில் ஐந்து ஆண்டுக்கு மேலானது ஒன்றைப் போய்ப் பாருங்கள். உட்புறப் பூச்சை ஒரே நாளில் முடிப்பதாகச் சொன்னால் வேறு ஆளைத் தேடுங்கள். அது பல அடுக்காக, ஒவ்வொன்றும் இறுகிய பிறகு அடுத்தது, இடையிடையே சிமென்ட் பால் தடவிச் செய்ய வேண்டிய வேலை. இரண்டு வாரம் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். வெடிப்பு பெரும்பாலும் விழும் இடம் இரண்டு: கும்மட்டம் அடித்தளத்தோடு சேரும் வளையம், உச்சியில் வாயுக்குழாய் பதிந்த இடம். மேலே மண்ணை உடனே நிரப்பிவிட வேண்டும். அந்த மண்ணின் பாரம்தான் உள் அழுத்தத்துக்கு எதிராகக் கும்மட்டத்தைப் பிடித்து நிறுத்துகிறது.

சாணி போடுவதற்கு முன் இரண்டு சோதனை. ஒன்று, தண்ணீர் நிரப்பி, செங்கல் உறிஞ்சுவதை உறிஞ்சட்டும் என்று ஒரு நாள் விட்டு, பிறகு மட்டத்தைக் குறியிட்டு மறுநாள் பார்ப்பது. ஒன்றிரண்டு செ.மீ. இறங்கினால் பரவாயில்லை, அதற்கு மேல் இறங்கினால் சுவரில் ஒழுகல். இரண்டு, வாயு வால்வை மூடிவிட்டு வெளியேற்றும் தொட்டி வழியாக மேலும் தண்ணீர் ஊற்றிக் கும்மட்டத்துக் காற்றை அமுக்குவது. குழாயில் தண்ணீர் மானோமீட்டர் (அழுத்தம் காட்டும் யு வடிவக் குழாய்) மாட்டி, அழுத்தம் இறங்குகிறதா என்று இரவு முழுக்க வைத்துப் பாருங்கள். கடைசித் தவணைப் பணத்தை இந்த இரண்டு சோதனைக்கும் பிறகே கொடுங்கள். இந்த ஒரு பத்தியை மட்டும் நினைவில் வைத்திருந்தாலும் போதும்.

மூன்றாவது, பை. தடித்த பிளாஸ்டிக் அல்லது ரப்பர் பூசிய துணியில் தைத்த நீளமான பை. காலையில் குழி வெட்டினால் மாலையில் பொருத்திவிடலாம். வாடகை நிலத்தில் மாடு வளர்ப்பவருக்கும், நிலத்தடி நீர் மட்டம் மேலே இருப்பதால் ஆழமாகக் குழி தோண்ட முடியாத ஊருக்கும் இது ஏற்றது. அழுத்தம் மிகக் குறைவு. பழைய டயரையோ மணல் மூட்டையையோ மேலே வைத்துத்தான் அடுப்புக்கு வாயுவைத் தள்ள வேண்டும். எதிரிகள் எலி, காக்கை, வெயில், மாட்டுக் கொம்பு. சுற்றிலும் வேலியும் மேலே தென்னங்கீற்றுப் பந்தலும் இல்லாமல் வைத்தால் ஒரு கோடை தாங்குவதே அதிகம். ஓட்டை ஒட்டும் பசையும் துண்டுத் துணியும் பையோடு வருகிறதா, உத்தரவாதம் எத்தனை ஆண்டு, கிழிந்தால் ஆள் வருவாரா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டுமான வகைகளை விட ஆயுள் குறைவு என்பதை விலையோடு சேர்த்துக் கணக்கிட்டால் "மலிவு" என்ற பேச்சு பாதியாகிவிடும்.

நகரத்து மொட்டை மாடியில் வைக்கும் சமையல் கழிவுத் தொட்டி தனிக் கதை. புனேயின் ஆர்த்தி நிறுவனம் இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகளை ஒன்றுக்குள் ஒன்று கவிழ்த்துச் செய்த மாதிரிக்கு 2006இல் பசுமை எரிசக்திக்கான ஆஷ்டன் விருது கிடைத்தது. பழைய சோறும் கெட்ட மாவும் கிலோவுக்குக் கிலோ சாணியை விடப் பல மடங்கு வாயு தரும் என்பது உண்மை. மாட்டின் வயிறு எடுத்துக்கொண்டது போக மிச்சம்தானே சாணி! ஆனால் மாவுச்சத்து சீக்கிரம் அமிலமாகும், மீத்தேன் தரும் உயிரிகளோ மெதுவாக வளர்பவை. விருந்து முடிந்த மறுநாள் ஒரு வாளி சோற்றைக் கொட்டினால் கரைசல் புளித்து, மீத்தேன் நின்று, வெறும் கார்பன் டை ஆக்சைடு வரும். தீ பிடிக்காது, புளித்த நாற்றம் வரும். அப்போது தீனியை ஒரு வாரம் நிறுத்தி, சாணிக் கரைசல் ஊற்றி, தேவையானால் கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டுக் காத்திருக்க வேண்டும். நல்ல கரைசலின் பி.எச். (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 6.8க்கும் 7.5க்கும் இடையில் இருக்கும். பி.எச். காகிதத்தில் 6.5க்குக் கீழே காட்டினால் தீனியை நிறுத்திவிடுங்கள்.

சாணிக்கு அந்தத் தொல்லை குறைவு. காரணம் மாட்டின் அசைவயிறு. மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிரிகள் அங்கே குடியிருப்பவை. அவை சாணியோடு வெளியேறிக் கலனுக்குள் வேலையைத் தொடர்கின்றன. அதனால் மாட்டுச் சாணிக்குப் "பாக்டீரியா பவுடர்" என்று தனியாக எதுவும் வாங்க வேண்டாம். கார்பன், நைட்ரஜன் விகிதமும் தானாகவே சரியாக அமைந்திருக்கிறது. கோழி எச்சத்தில் நைட்ரஜன் அதிகம், அளவு மிஞ்சினால் அம்மோனியா சேர்ந்து நுண்ணுயிரிகளை முடக்கும். பத்தில் ஒரு பங்கோடு நிறுத்துங்கள். ஆட்டுப் புழுக்கையை ஒரு நாள் ஊறவைத்து நசுக்காமல் போட்டால் அப்படியே மிதக்கும்.

கலன் திடீரென்று படுத்துவிட்டது என்று வரும் புகார்களில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: மாட்டுக்கு ஊசி போட்டீர்களா? மடிவீக்கத்துக்கோ கழிச்சலுக்கோ கொடுத்த ஆன்டிபயாட்டிக்கில் ஒரு பகுதி சாணியிலும் மூத்திரத்திலும் வெளியேறுகிறது. டெட்ராசைக்ளின், டைலோசின் வகைகள் கலனின் வாயு உற்பத்தியைக் குறைப்பது சோதனைக்கூடங்களில் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. சில நாடுகளில் தீவனத்தில் சேர்க்கும் மோனென்சினும் அப்படித்தான். மருந்து நடக்கும் நாட்களிலும் அதன் பிறகு சில நாட்களுக்கும் அந்த மாட்டின் சாணியைத் தனியாகக் குப்பைக்குழியில் போடுவது நல்லது. அடுத்த கேள்வி: தொழுவத்தைப் பினாயில் போட்டுக் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது? மூன்றாவது, சோப்புத் தண்ணீர். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருந்தால் நான்காவது கேள்வியே தேவையில்லை, குளிர்தான் காரணம். 30 முதல் 37 டிகிரிக்குள் நன்றாக வேலை செய்யும் உயிரிகள் 20க்குக் கீழே தளர்ந்து, 10க்கு அருகில் கிட்டத்தட்ட நின்றுவிடும்.

முதல் நிரப்பலுக்கு இரண்டு கன மீட்டர் கலனில் ஒன்றரை முதல் இரண்டு டன் சாணி, அதே அளவு தண்ணீர். சமவெளித் தமிழ்நாட்டு வெப்பத்துக்குக் கரைசல் உள்ளே 30 நாள் தங்குவது போதும், குளிர்ந்த வட்டாரங்களில் 40, 55 நாள் கணக்கில் கலனைப் பெரிதாகக் கட்டுவார்கள். இத்தனை சாணியைச் சேர்த்து வைக்கும்போது காயவிட்டால் வீணாகிவிடும், நிழலில் ஈரமாக வைக்க வேண்டும். நன்றாக ஓடும் இன்னொரு கலனிலிருந்து பத்துப் பதினைந்து குடம் கரைசல் கொண்டுவந்து ஊற்றினால் ஒரு வாரம் மிச்சமாகும். முதலில் வரும் வாயுவில் காற்றும் கார்பன் டை ஆக்சைடும்தான். அதைத் திறந்துவிடுங்கள். குழாயின் வாயில் நேராகத் தீக்குச்சி வைத்துச் "சோதிப்பது" கூடவே கூடாது. காற்று கலந்த மீத்தேன் கலனுக்குள்ளேயே வெடிக்கும். சோதனை அடுப்பில் மட்டும், அதுவும் இரண்டு மூன்று முறை காலி செய்த பிறகு.

தினசரி வேலை கால் மணி நேரம். சாணியும் தண்ணீரும் சம அளவு. ஈரச் சாணியில் திடப்பொருள் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும், சமமாகக் கலந்தால் 10 சதவீத அளவுக்கு வரும், அதுதான் வேண்டிய பதம். தோசை மாவை விடச் சற்று இளக்கம். மோர் மாதிரி ஓடினால் நீர் அதிகம். கோடையில் சாணி இறுகியிருந்தால் ஒன்றேகால் பங்கு ஊற்றலாம். கலக்கும் தொட்டியின் துவாரத்தை அடைத்து, கட்டியில்லாமல் கரைத்து, வைக்கோலைக் கையால் எடுத்துவிட்டு, ஐந்து நிமிடம் அசையாமல் விடுங்கள். மணல் அடியில் தங்கும். பிறகு அடைப்பைத் திறந்து, கடைசி இரண்டு விரல்கடை கரைசலை உள்ளே விடாமல் வழித்து எறியுங்கள். மண்தரைத் தொழுவம் உள்ளவர்கள் இதைச் செய்யாவிட்டால் ஐந்தாறு ஆண்டில் கலனின் அடியில் மணல்மேடு உருவாகிக் கொள்ளளவைத் தின்றுவிடும்.

குழாயும் அடுப்பும் சின்ன விஷயம் போலத் தோன்றும். புகார்களில் பெரும்பங்கு இங்கேதான். சாண வாயு ஈரமானது. குழாயில் தண்ணீர் துளிர்த்துத் தாழ்வான இடத்தில் தேங்கும், தீ திக்கித் திக்கி எரியும். குழாய் நூறுக்கு ஒன்று என்ற சரிவில் கலனை நோக்கி இறங்க வேண்டும், முடியாத இடத்தில் தாழ்ந்த புள்ளியில் நீர் வடிப்பான் வைக்க வேண்டும். கலன் அடுப்படியிலிருந்து 20 மீட்டருக்குள்ளும், குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளியும் இருக்கட்டும். சிலிண்டர் அடுப்பையே மாட்டிக்கொள்ளலாம் என்று சிலர் தருவார்கள், வாங்காதீர்கள். சிலிண்டர் வாயு ரெகுலேட்டர் வழியாக 30 செ.மீ. நீர்மட்ட அழுத்தத்தில் வருகிறது, ஒரு பங்குக்கு 25 முதல் 30 பங்கு காற்று கேட்கிறது. சாண வாயுவில் மீத்தேன் 55 முதல் 65 சதவீதம்தான், காற்று ஆறு பங்கு வாக்கில் போதும். வாயு வரும் ஜெட் துளை பெரிதாகவும் காற்றுத் துளை சிறிதாகவும் இருந்தால்தான் நீலத் தீ நிற்கும். ஐ.எஸ். 8749 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள சாண வாயு அடுப்பைக் கேளுங்கள். தீ மஞ்சளாக இருந்தால் காற்று போதவில்லை. பர்னரை விட்டு எழும்பி உஸ்ஸென்று அணைந்தால் காற்று அதிகம் அல்லது வாயுவில் மீத்தேன் குறைவு. அழுகிய முட்டை நாற்றமும் பித்தளை கறுப்பதும் ஹைட்ரஜன் சல்பைடின் வேலை. துருப்பிடித்த இரும்புச் சீவலை அடைத்த சிறு குப்பி ஒன்றைக் குழாயில் இடையே வைத்தால் பெருமளவு குறையும். சீவல் கறுத்ததும் மாற்றுங்கள்.

இனி விளம்பரங்களில் வராத விஷயம். கலன் என்றாலே பூமிக்கு நல்லது என்று விற்கிறார்கள். 2014இல் டென்மார்க், வியட்நாம் ஆய்வாளர்கள் வீட்டுக் கலன்களின் மீத்தேன் இழப்பை ஆராய்ந்து, இது பருவநிலைக்கு மருந்தா வெடிகுண்டா என்ற பொருளில் தலைப்பிட்டே ஒரு கட்டுரை எழுதினார்கள். நாமே கணக்குப் போடலாம். தினம் இரண்டு கன மீட்டர் உற்பத்தியில் பத்தில் ஒரு பங்கு கசிகிறது என்று வையுங்கள். 0.2 கன மீட்டர் வாயுவில் மீத்தேன் ஏறக்குறைய 80 கிராம். நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடை விட 27 மடங்கு வெப்பம் பிடிப்பது, ஆக 2.2 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். மிச்சம் 1.8 கன மீட்டர் எரித்ததால் மிச்சப்பட்ட எல்.பி.ஜி. 0.77 கிலோ, அது எரிந்திருந்தால் வந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு 2.3 கிலோ. வரவும் செலவும் சரி. பத்து சதவீதத்துக்கு மேல் கசிந்தால் சிலிண்டரே தேவலை என்றாகிவிடும். விறகுக்குப் பதிலாக என்றால் கணக்கு வேறு, அந்த விறகு திரும்ப வளர்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது.

"சாணி சும்மா கிடந்தாலும் மீத்தேன் வரத்தானே செய்யும்?" என்று கேட்பார்கள். வெயிலில் காயும் வறட்டியிலும் காற்றோட்டமான எருக்குவியலிலும் மிகக் கொஞ்சமே வரும். மீத்தேன் உண்டாகக் காற்றில்லாத சேறு வேண்டும், அதை நாமே கட்டிக் கொடுக்கிறோம். மாடு ஏப்பமாக விடும் மீத்தேனைக் கலன் தொடவே தொடாது. அது சாணியின் கணக்கில் வருவதே இல்லை.

ஆகவே மானோமீட்டர் அலங்காரப் பொருள் இல்லை. ஒரு மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் குழாயை யு வடிவில் பலகையில் கட்டி, நிறம் கலந்த தண்ணீர் ஊற்றி, அடுப்பங்கரைக் குழாயோடு இணைத்தால் முடிந்தது. மாதம் ஒருமுறை: இரவு அடுப்பை மூடிவிட்டு மட்டத்தைக் குறியுங்கள், காலையில் ஏறியிருக்க வேண்டும் (மிதக்கும் டிரம்மில் அழுத்தம் மாறாது, அங்கே டிரம்மின் உயரத்தைக் குறியுங்கள்). ஏறாவிட்டால் எங்கோ போகிறது. கலனின் வால்வை மூடி, குழாயில் மட்டும் அழுத்தம் வைத்து அரை மணி நேரம் பாருங்கள். இறங்கினால் குழாயில் கசிவு, சோப்பு நுரை தடவி இணைப்பைக் கண்டுபிடியுங்கள். இறங்காவிட்டால் கும்மட்டத்திலோ டிரம்மிலோ. கும்மட்டத்துக்கு மேலுள்ள மண்ணில் தண்ணீர் ஊற்றிக் குமிழ் வருகிறதா பாருங்கள். வாயு மிஞ்சும் நாட்களில் திறந்துவிடாமல் எரித்துத் தீருங்கள். மாட்டுக்குத் தண்ணீர் சுடவைப்பதும் பருத்திக்கொட்டை வேகவைப்பதும் வீண் செலவு ஆகாது. ஊருக்குப் போவதானால் நாலு நாள் முன்பே சாணி போடுவதைக் குறைத்துக்கொள்ளலாம்.

"புகையில்லை, நோயில்லை" என்ற வாசகத்துக்கும் வருவோம். ஹாபின் என்ற பெரிய மருத்துவ ஆய்வு குவாத்தமாலா, இந்தியா, பெரு, ருவாண்டாவில் 3,200 கர்ப்பிணிகளைச் சேர்த்து நடந்தது. இந்தியப் பகுதி நாகப்பட்டினம், விழுப்புரம் மாவட்டங்களில், சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பொறுப்பில். பாதிப் பேருக்கு இலவசமாக எல்.பி.ஜி. அடுப்பும் தொடர்ந்து எரிபொருளும் கொடுத்தார்கள். அவர்கள் சுவாசித்த நுண்துகள் கன மீட்டருக்கு 24 மைக்ரோகிராம் அளவில் இருந்தது, விறகு எரித்தவர்களுக்கு 70 வாக்கில். புகை உண்மையிலேயே மூன்றில் ஒரு பங்கானது. ஆனால் 2022இல் வந்த முடிவில் குழந்தைகளின் பிறப்பு எடை வித்தியாசம் 20 கிராம்தான், உறுதியாகச் சொல்லத்தக்கதல்ல. 2024இல் வந்த முடிவில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் கடும் நிமோனியாவும் குறைந்ததாகத் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஆண்டு அளவு 5 மைக்ரோகிராம் என்பதை நினைத்தால், பக்கத்து வீட்டு விறகுப் புகையும் சாலைத் தூசியும் இருக்கும் ஊரில் ஒரு வீட்டு அடுப்பு மட்டும் மாறி எவ்வளவு சாதிக்கும்? அந்த ஆய்வு எல்.பி.ஜி.யை வைத்து நடந்தது, சாண வாயுவுக்கு அதைவிட அதிகமாக வாக்குறுதி கொடுக்க யாருக்கும் உரிமையில்லை. கண் எரிச்சலும் கரிப்பாத்திரமும் போகும், விறகு சுமப்பது போகும். இதைச் சொல்லி விற்றாலே நாணயமான விற்பனைதான்.

வெளியேறும் கரைசல் நல்ல உரம், இதில் சந்தேகமில்லை. ஆனால் தழைச்சத்தில் ஒரு பங்கு அம்மோனியமாக இருப்பதால் வெயிலில் காயவைத்தால் பறந்துவிடும். பாசனத் தண்ணீரோடு அன்றன்றைக்கு விடுவது மேல், இல்லையேல் காய்ந்த சருகோடு அடுக்கி மக்கவிடுங்கள். "எல்லாக் கிருமியும் செத்துவிடும்" என்பது மிகை. நம் ஊர் வெப்பத்தில் நோய்க்கிருமிகள் குறையும், முழுக்கச் சாகாது. உருண்டைப்புழு முட்டை போன்றவை தாக்குப்பிடிக்கும், மருந்தை எதிர்க்கும் கிருமி மரபணுக்களும் எஞ்சுகின்றன. கீரை, வெள்ளரி, கொத்தமல்லி என்று பச்சையாகத் தின்னும் பயிரின் மேல் தெளிக்க வேண்டாம். தென்னை, வாழை, தீவனப்புல், உழவுக்கு முன் நெல் வயல் ஆகியவற்றுக்குத் தாராளம். வெளியேற்றும் தொட்டியில் நீர் தெளிந்து நின்றால் கொசு முட்டையிடும், மூடி போடுங்கள். குழந்தை விழாமலிருக்கவும் அது வேண்டும்.

எந்த வகையானாலும் கலனுக்குள் ஆள் இறங்கக் கூடாது. கிணற்றில் விளக்கை இறக்கிக் காற்றைச் சோதிக்கும் பழக்கம் இங்கே உயிருக்கே உலை, உள்ளே மீத்தேன். மணல் எடுக்க வேண்டுமென்றால் உறிஞ்சு லாரியை வரவழைத்து மேலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள்.

நாலைந்து மாட்டைக் கட்டிப் போட்டுத் தீவனம் கொடுத்து வளர்ப்பவர், சொந்த நிலம், தேர்ந்த கொத்தனார் கிடைக்கும் ஊர் என்றால் தீனபந்து. கொத்தனார் சந்தேகம் என்றால் எஃப்.ஆர்.பி. மிதக்கும் டிரம், செலவு கூடினாலும். குத்தகை நிலத்தில் இரண்டு மூன்று மாடு என்றால் பை, பந்தலோடு. மேய்ச்சலுக்குப் போகும் இரண்டு மாடு மட்டுமே என்றால் இப்போதைக்கு வேண்டாம். 1981-82இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின் வழியாக வந்த மானியம் பின்னர் வேறு பெயர்களில் தொடர்ந்தது, அளவும் நிபந்தனையும் மாறிக்கொண்டே இருப்பதால் வேளாண் பொறியியல் துறையிலோ ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலோ முன்கூட்டியே கேளுங்கள், கட்டிய பிறகு விண்ணப்பித்தால் பெரும்பாலும் கிடைக்காது. விலைப்பட்டியல் வாங்கும்போது நாலு பொருள் அதில் தனித்தனி வரியாக இருக்கிறதா பாருங்கள்: மானோமீட்டர், நீர் வடிப்பான், முத்திரையுள்ள அடுப்பு, கலனை ஒட்டிய முதன்மை வால்வு. ஒன்று விடுபட்டிருந்தாலும் எழுதச் சொல்லிவிட்டு முன்பணம் கொடுங்கள்.